யானை மேல் போட்ட சட்டம்

ஒரு காலத்தில் செம்பாறை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட மங்களவீர ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையில் ஒருவனை வேலைக்கு வைப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் துரத்திவிடுவார்.

அரண்மனை யானை சிங்காரிக்குப் பாகன் மாசாணம். பதினெட்டு வருஷமாக அவள் அவன் குரலுக்கு மட்டும்தான் அசைவாள். அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிவிட அரண்மனை அதிகாரி அனந்தபதி அலையாய் அலைந்தார்.

ஒருநாள் சிங்காரி மேல் ஊர்வலம் போனபோது மாங்கிளை இடித்து ராஜாவின் கிரீடம் சாக்கடையில் விழுந்தது.

"வேண்டுமென்றே செய்தான் பிரபு!" என்றார் அனந்தபதி.

"மாசாணம், உனக்கு வேலை போச்சு!" என்று கத்தினார் ராஜா.

மாசாணம் கைகூப்பினான். வீட்டில் ஐந்து வயிறு. "மகாராஜா, கொஞ்ச நாள் தவணை கொடுங்க. வேற வேலை தேடிக்கிறேன். புதுப் பாகனுக்கும் பழக்கி விடுறேன்."

"தவணையா? இந்தக் கணமே இறங்கு!"

மாசாணம் இறங்கினான். அங்குசத்தை, பக்கத்தில் தயாராக நின்ற அனந்தபதியின் மைத்துனன் கையில் கொடுத்தான். சிங்காரி தும்பிக்கையைத் தூக்கியதுதான் தாமதம், மைத்துனன் அங்குசத்தைப் போட்டுவிட்டுப் புளியமரத்தில் ஏறிக்கொண்டான். அவளோ ராஜாவோடு நேரே குளத்தில் இறங்கி, சுகமாக உட்கார்ந்தாள். ராஜாவுக்கு மார்பளவு தண்ணீர். மீசையில் பாசி.

"அடேய் மாசாணம், இவளை எழுப்புடா!"

"நான் இப்ப வேலையில இல்லையே மகாராஜா. வெளி ஆள் பட்டத்து யானையைத் தொட்டா கசையடின்னு முன்னாடி நீங்கதானே உத்தரவு போட்டீங்க?"

"திரும்பச் சேர்த்துக்கொண்டேன்!"

"கரையேறினதும் மறுபடி துரத்துவீங்க. என்னைச் சேர்க்கும்போது எத்தனை நாளைக்குன்னு நீங்க சொல்லலை. அனுப்பும்போதாவது நாள் சொல்லுங்க. யாரை அனுப்பினாலும் மூணு மாசம் முன்னாடி சொல்லணும். போறவனும் அப்படியே சொல்லிட்டுத்தான் போகணும். அப்படி இருந்தா நானும் உங்களை நட்டாத்துல விட்டிருக்க மாட்டேன்."

சிங்காரி தும்பிக்கை நிறையத் தண்ணீர் எடுத்து ராஜாவின் தலையில் பீய்ச்சினாள்.

"சட்டம்! இன்றிலிருந்து இதுதான் சட்டம்!" என்று அலறினார் ராஜா.

மாசாணம் ஒரு குரல் கொடுத்தான். யானை எழுந்தது.

கரையேறிய ராஜா முதலில் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசாணத்துக்குப் போட்டார். பிறகு திரும்பினார். "அனந்தபதி, உமக்கு வேலை போச்சு!"

"இந்தக் கணமேவா பிரபு?"

"சேச்சே! சட்டம் என்னாவது? முழுசாக மூன்று மாதம் இருந்துவிட்டுப் போம். அதுவரை கொட்டடியில் யானை லத்தி அள்ளும்."

மாசாணம் பவ்யமாகக் கூடையை நீட்டினான். "ரெண்டு கையாலயும் பிடிங்க சாமி. சிங்காரி நல்லாச் சாப்பிடுவா."