கடல்வாசல் பூனை

அந்தக் காலத்தில் பூனைகள் வாய் ஓயாமல் பேசும். அப்போது மத்தியதரைக் கடலோரம் ஒரு கோட்டை நகரம் இருந்தது. சுற்றிலும் கல்மதில், கடல் பக்கம் ஒரே ஒரு வாசல். அந்த வாசலின் தாழ்க்கட்டை பெனடிக்டாவின் பொறுப்பு. மாலை ஜெப மணி அடித்தால் சாத்திவிட வேண்டும். அதன்பின் எந்த மனிதனுக்கும் திறக்கக் கூடாது. திறந்தால் அவளை மதில்மேலிருந்து கடலில் தள்ளிவிடுவார்கள். சட்டம் போட்டவர்களில் ஒருவரும் மீன்பிடிக்கப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அன்று மணி அடித்து முடிந்துவிட்டது. கொள்ளையர் கப்பல்கள் கரை தொட்டிருந்தன. பெனடிக்டா கதவு ஓட்டை வழியே பார்த்தாள். மீன்பிடிக்கப் போயிருந்த அவள் புருஷன் ரோக்கோ மணலில் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் தீப்பந்தங்கள்.

"ஐயா, அவர் என் வீட்டுக்காரர்," என்று பக்கத்தில் நின்ற காவல் தளபதியிடம் கெஞ்சினாள்.

"மனிதன்தானே? கட்டையில் கை வைத்தால் தெரியும் சேதி," என்றான் தளபதி. சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவள் காலடியில் கிடந்த பூனை ஜெம்மா சோம்பல் முறித்து எழுந்தது.

"எனக்கு வெளியே போகணும்."

"இப்பவா? சனியனே!" என்றாள் பெனடிக்டா.

"நான் மனிதனா? எனக்குத் திறக்கக் கூடாதென்று எங்கே சொல்லியிருக்கிறது?"

தளபதி யோசித்தான். எங்கும் சொல்லவில்லை.

"ஒரு பூனை அளவுக்குத் திற. சீக்கிரம்!"

பெனடிக்டா திறந்தாள். ஜெம்மா பாதி உடம்பை வெளியே நீட்டி, அப்படியே நின்றது.

"போயேன்!" என்று கத்தினான் தளபதி.

"குளிருகிறதே."

"அப்போ உள்ளே வா!"

"மீன் வாசனை வருகிறதே."

தீப்பந்தங்கள் நெருங்கின. தளபதி பூனையை எட்டி உதைக்கப் போனான். அதற்குள் ரோக்கோ இடுக்கில் தோளைக் கொடுத்து உள்ளே விழுந்தான். பூனையும் துள்ளி வந்தது. கட்டை விழுந்தது. மறுநொடி கதவில் கோடரிகள் இறங்கின.

தளபதி பூனையை முறைத்தான். "நீ போகவே நினைக்கவில்லை! அப்படியானால் கதவு இவனுக்காகத்தான் திறந்தது. பெனடிக்டா, நட மதிலுக்கு!"

"அட, எங்கள் இனமே அப்படித்தான் ஐயா," என்றது ஜெம்மா. "கதவு திறந்த பிறகுதான் எங்களுக்கு யோசனையே வரும்."

"அப்படியா? இனி நீயும் உன் குட்டிகளும் போகும் ஒவ்வொரு கதவையும் பார்ப்பேன். ஒரே ஒரு தடவை நேராக நடந்து போனாலும் இவள் கடலில்தான்."

அன்று முதல்தான் பூனைகள் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகின்றன; திறந்தால் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்கின்றன. "உள்ளேயா வெளியேயா, சொல்லித் தொலை!" என்று நாம் எவ்வளவு கத்தினாலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தப்பித்தவறி அன்றைய உண்மை வாயில் வந்துவிட்டால், பெனடிக்டா கடலில்.