மயிலாத்தாளின் ரவிக்கை

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் கழித்துப் போடும் வெட்டுத்துணிகளையும் கிழிந்த சாக்குகளையும் வைத்துப் படம் செய்கிறவர் கோகிலவாணி. அவர் படங்களில் ஆள் கிடையாது, மரம் கிடையாது, மாடு கிடையாது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்கு, அதன்மேல் சில துணித் துண்டுகள், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அதைப் படம் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு அவருடைய அப்பா வயது. ஆயுசெல்லாம் ஜாக்கெட் தைத்தவர். மனைவி மயிலாத்தாள் செத்த பிறகு கடையை மூடிவிட்டு, "சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சுருமுங்க" என்று இங்கே வந்தார்.

அவரிடம் ஒரு தொல்லை இருந்தது. எந்தத் துண்டைக் கொடுத்தாலும் ஓரத்தை உள்ளே மடித்துத் தையல் அடித்துவிடுவார். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு மனசு கேட்காது. பிசிறை அப்படியே விடச் சொல்லிப் பார்த்து கோகிலவாணி அலுத்துவிட்டார்.

ஒரு நாள் சென்னியப்பன் ஒரு பச்சை ரவிக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மயிலாத்தாளுதுங்க. பஸ் மோதுன அன்னிக்குப் போட்டிருந்தது."

ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த ரவிக்கை அது. சென்னியப்பன் அதைத் துவைத்து, வெட்டுப்பட்ட இடங்களை இழையோடு இழை சேர்த்துத் தைத்திருந்தார். கோகிலவாணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எங்கே வெட்டு என்றே தெரியவில்லை.

"அருமையாத் தெச்சிருக்கீங்கண்ணா."

"தெச்சு என்னங்க பிரயோசனம்? பாக்கவும் முடியல. தூக்கிப் போடவும் முடியல."

சுவரில் இருந்த படங்களைக் காட்டி அவரே கேட்டார்.

"துணின்னா அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கோணும் டீச்சர். அப்படித்தான் நான் வெட்டிப் பழகுனேன். உங்க படத்துல ஆளே இல்லீங்களே. ஆளில்லாத துணிய எதுக்குங்க பாக்கோணும்?"

கோகிலவாணி தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பிரிங்க."

"எதைங்க?"

"எல்லாத் தையலையும்."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில துண்டு துண்டாக் கவர்ல போட்டுக் கையில குடுத்தாங்க. மறுபடி அப்படியே பாக்கச் சொல்றீங்களா?"

கோகிலவாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து சென்னியப்பன் பிளேடை ரவிக்கையில் வைத்தார். கை, பட்டி, முன்பாகம், முதுகு என்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. அக்குள் தையலுக்கு உள்ளே, துவைத்தும் போகாத வியர்வைக் கறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அழுதார். சாவு வீட்டில்கூட அழாத மனுஷன், விம்மி விம்மி அழுதார்.

அவர் ஓயும்வரை கோகிலவாணி காத்திருந்தார். பிறகு சாக்குக் கட்டிய சட்டம் ஒன்றை அவர் முன்னால் படுக்க வைத்தார்.

"வைங்க."

சென்னியப்பன் வைத்தார். பழகிய கை, முதுகோடு முன்பாகத்தையும் முன்பாகத்தோடு கையையும் ஒட்டி ஒட்டி வைத்தது. மறுபடி ரவிக்கை ஆகிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு கைத்துண்டை மெல்லத் தள்ளி வைத்தார். முதுகைத் தள்ளி வைத்தார். ஓரங்களில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மடிக்கவில்லை. துண்டுகளுக்கு நடுவே வெறும் சாக்கு தெரிந்தது.

"இப்படி எடம் விட்டு வெக்கலாமுங்களா?"

"வைங்க."

"எத்தனை இஞ்சு விடறதுங்க?"

"சாயங்காலம் நீங்க போய் வூட்டுக் கதவைத் தொறந்தா எவ்வளவு காலியா இருக்குதோ, அவ்வளவு விடுங்கண்ணா."