ஐகெரிம் எழுந்து போனபோது

ஆசியச் சதுரங்கப் பட்டம் ஜெபராணியிடம் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நாகர்கோவிலிலிருந்து அல்மாத்தி வரை வந்திருந்தாள். எதிரே ஐகெரிம். அந்த ஊர்ப் பெண், இருபது வயது.

நேற்று ஜெபராணி தோற்றாள். புள்ளிகள் சமமாகிவிட்டன. இன்று ஓய்வு, நாளை கடைசி ஆட்டம். அது சமனில் முடிந்தாலும், பட்டத்தை வைத்திருப்பவள் என்பதால் அது அவளிடமே இருக்கும். தோற்றால் போயிற்று.

காலை உணவு மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர ஒரு வாய் இறங்கவில்லை.

எதிரில் சுபைதா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணியைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் ஜெபராணிக்கு அவள்தான் ஆசான். மூன்று மாதமாக ஐகெரிமின் ஆட்டங்களையெல்லாம் பிரித்து மேய்ந்தவள். எந்தத் தொடக்கத்துக்கு எந்தப் பதில் என்று கணினியோடு மல்லுக்கட்டியவள். போட்டி தொடங்கிய அன்றே ஜெபராணியின் போனை வாங்கித் தன் பெட்டிக்குள் பூட்டியவளும் அவள்தான்.

"சுபைதா, நாளைக்கு அவ என்ன ஆடுவா?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா எப்படி? எனக்கு ராத்திரியெல்லாம் கண்ணை மூடினா அவ கைதான் தெரியுது. டக்குனு வந்து டக்குனு காயை வைக்குது. இந்தப் பயம் போக ஏதாவது வழி இருக்கா?"

சுபைதா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "அறைக்கு வாங்க."

அறையில் பலகையை விரித்து ஒவ்வொரு காயாக வைத்தாள். பாதி வைக்கும்போதே ஜெபராணிக்குத் தெரிந்துவிட்டது. நேற்றைய ஆட்டம். ராணியாக மாற இரண்டே கட்டம் பாக்கி என்று வந்து நிற்கிற ஐகெரிமின் சிப்பாய்.

"இது வேண்டாம். எடு."

"ஆடுங்க."

"முடிஞ்சுபோன ஆட்டம். நான் தோல்வியை ஒத்துக்கிட்டுக் கை கொடுத்துட்டேன்."

சுபைதா சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். "இப்ப உங்க முறை."

வேறு வழியில்லாமல் ஜெபராணி பலகையைப் பார்த்தாள். வெளியே எங்கோ பனி வழிக்கும் சத்தம். வெகுநேரம் கழித்து ராணியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். செக். சுபைதா ராஜாவை ஒதுக்கினாள். மறுபடி செக். ராஜா பழைய கட்டத்துக்கே வந்தது. மறுபடியும் செக். ஒளிய இடமில்லை. சிப்பாய் நகர நேரமும் இல்லை.

ஜெபராணி காயிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்படியே செக் கொடுத்துக்கிட்டே இருந்தா இது சமன்."

"ஆமாக்கா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நேத்து நீங்க கை நீட்டின நிமிஷமே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

"படுபாவி! நாளைக்கு ஆட்டத்தை வச்சுக்கிட்டு இதையா காட்டுவே? நான் எப்படிப் போய் உட்காருவேன்?"

"ஏன் கை கொடுத்தீங்க?"

ஜெபராணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவ சிப்பாயைத் தள்ளினா. தள்ளிட்டு எழுந்து போயிட்டா. திரும்பிக்கூடப் பார்க்கல. அப்போ எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"நாளைக்கும் எழுந்து போவா" என்றாள் சுபைதா. 

அன்று ஜெபராணி அழுதாள். சாப்பிடவில்லை. ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு தரம் கேட்டாள்.

மறுநாள் அரங்கில் பாதி ஆட்டம் வரை தாக்குப்பிடித்தாள். பிறகு ஐகெரிம் ஒரு யானையைத் தூக்கி ஜெபராணியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். செக். வைத்தாள், எழுந்தாள், தண்ணீர் மேசைப் பக்கம் நடந்தாள்.

யானையை வெட்டினால் சாவு. பின்வாங்கினாலும் சாவு. ஜெபராணியின் வலது கை தானாக மடியிலிருந்து எழுந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளக் கடிகாரத்தை நிறுத்தப் போனது.

பாதி வழியில் நின்றது. திரும்பி மடிக்கு வந்தது.

அவள் பலகையையே பார்த்தாள். ஐகெரிமின் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தாள்.

பிறகு ராஜாவை முன்னால் நகர்த்தினாள். எதிரிப் படை நிற்கிற வெட்டவெளிக்கு. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எந்தக் காயின் அடியும் விழவில்லை.

ஐகெரிம் திரும்பி வந்தாள். பலகையைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள். அதன்பின் அவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் இருவரும் கை குலுக்கினார்கள். சமன்.

கேமராக்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, விடுதிக்குத் திரும்பும் காரில் ஜெபராணி இருக்கையில் சுருண்டு உட்கார்ந்தாள். சுபைதா தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள்.

"என் கை கடிகாரத்துக்குப் போச்சே, திரையில பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்போ உனக்கு அந்த ராஜா நகர்த்தல் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"எவ்வளவு நேரம் தேடினே?"

சுபைதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"தேடலக்கா. உங்க கை எழுந்ததும் நான் கண்ணை மூடிக்கிட்டேன்."