கரடியின் நெஞ்சில் நுரை

அந்தக் காலத்தில் கரடிக்கு உடம்பெல்லாம் வைக்கோல் நிறம். நெஞ்சில் வெள்ளைப் பட்டை கிடையாது. மனிதரைக் கண்டால் பாய்கிற பழக்கமும் கிடையாது. பாய்வானேன்? மனிதரும் மிருகங்களும் ஒரே பாஷை பேசினார்கள், ஒரே சந்தைக்குப் போனார்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். கரடியைப் பொல்லாத மிருகம் என்று இன்றைக்கு வாய்கூசாமல் சொல்கிறவர்கள், அதற்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் விரல் நம் பக்கம் திரும்பும் என்று தெரிந்துதான் கேட்பதில்லை போலிருக்கிறது.

ஈச்சமலையில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். கள் காய்ச்சுவது அவள் வேலை. மரத்தில் இறக்குகிற கள் இல்லை, தானியத்தில் காய்ச்சுகிற கள். அதை இரண்டு விதமாகக் காய்ச்சுவாள். கேழ்வரகை முளைகட்டி, வறையோட்டில் போட்டு, கருகிவிடுமோ என்று பயப்படுகிற நேரத்தில் இறக்கிக் காய்ச்சினால் அது கருப்பு. ஊற்றினால் மேலே நுரை ஏடு போலக் கட்டி நிற்கும். வறுத்த வாசனை மூக்கில் ஏறும். தொண்டையில் ஒரு கசப்பு இறங்கி, பின்னாலேயே இனிப்பு வரும்.

சாமையை முளைகட்டி வெயிலில் காயவைத்துக் காய்ச்சினால் அது வெளுப்பு. கருப்பு சீக்கிரம் தயாராகிவிடும். வெளுப்புக்குப் பொறுமை வேண்டும். குடத்தின் வாயில் துணியால் வேடு கட்டி, அதன்மேல் களிமண் பூசி, சில்லென்ற இருட்டில் வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். கார்த்திகையில் வைத்தால் மாசியில்தான் திறக்கலாம். நடுவில் ஆட்டக் கூடாது, திறந்து பார்க்கக் கூடாது. அப்படி விட்டுவிட்டால் வண்டலெல்லாம் அடியில் படிந்து, மேலே சுனைத்தண்ணீர் மாதிரித் தெளிந்து பொன்னிறத்தில் நிற்கும். குடித்தவர்கள் உடனே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சநேரம் கழித்துச் சிரட்டையை மறுபடி நீட்டுவார்கள்.

அந்தச் சில்லென்ற இருட்டு மலையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதற்கு ஈரப்புடவு என்று பெயர். பாறைக்குள் ஆழமாகப் போகிற குகை. கோடையிலும் அதன் சுவரில் நீர் கசியும். அது யாருக்கும் சொந்தமில்லை. மாசித் திருநாளில் வீட்டுக்கு ஒரு குடம் என்று கள்ளைக் கொண்டுவந்து அதன் வாசல் பாறைமேல் வைப்பார்கள். மரநாய் ஒவ்வொன்றாக ருசி பார்த்துச் சிறந்த குடத்தைச் சொல்லும். அந்தக் குடத்துக்காரருக்கு அடுத்த மாசிவரை ஈரப்புடவு. மலை அறிந்த நாளாகச் சடைச்சிதான் அதை வாங்கிக்கொண்டிருந்தாள். அது கையை விட்டுப் போனால் வெளுப்பும் போய்விடும். வேறெங்கே வைத்தாலும் சூட்டில் கெட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊர்ப் பெரியதனக்காரன் தொட்டப்பனுக்கு இது வயிற்றெரிச்சல். அவன் வீட்டிலும் காய்ச்சினார்கள். ஆனால் அவன் வீட்டில் எதற்கும் பொறுமை கிடையாது. காலையில் ஊறவைத்தால் மாலையில் ஆயிற்றா என்று கேட்பான். கலங்கலாக, புளித்த கஞ்சித்தண்ணீர் மாதிரி ஒன்றை வருஷாவருஷம் பாறைமேல் கொண்டுவந்து வைப்பான். தோற்றுப்போய் வீடு திரும்பும்போது, ஊரே இருக்க ஒரு கரடிக்கா குகை என்று போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போவான். கேட்டவர்கள் சிலர் தலையாட்டவும் செய்தார்கள். குகை ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு மூலை கிடைக்குமே.

அந்த வருஷம் மாசி பிறந்த சமயத்தில் தொட்டப்பன் சடைச்சியிடம் வந்தான். மகள் மாதி பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் சுரக்கவில்லை, குழந்தை அழுது அழுது நீலம் பாரிக்கிறது, ஒரு குடம் கருப்பு கிடைக்குமா என்று கேட்டான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய்த் தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது நிஜமாகவே இருந்திருக்கலாம்.

சடைச்சி யோசிக்கவே இல்லை. இருந்ததில் நல்ல குடமாகப் பார்த்து எடுத்துத் தந்தாள். கஞ்சியில் ஒரு வாய் கலந்து கொடுத்தால் போதும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனசுக்காரர்களுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிவதில்லை.

“இதைக் குடுத்த பின்னாடி வெளுப்பு எதையும் குடுத்துராதீங்க. கருப்பைக் குடிச்ச நாக்குக்கு வெளுப்பு வெறுந்தண்ணியாத்தான் தெரியும்” என்றாள்.

தொட்டப்பன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அங்கேயே நின்றான். அப்புறம் கும்பிட்டுவிட்டுப் போனான். மாதிக்குப் பால் சுரந்தது. குழந்தை வயிறார உறங்கியது. அதைக் கேட்டுச் சடைச்சி சந்தோஷப்பட்டாள். தன் சொந்த அக்காள் மகள் பெற்ற மாதிரி நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள். குடத்தில் மிச்சம் இருந்ததை அவன் என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை.

திருநாள் வந்தது. அந்த வருஷம் வெளுப்பு என்றுமில்லாத அழகாக வந்திருந்ததால் சடைச்சி அதையே கொண்டுவந்தாள். குடங்களை வரிசைப்படுத்துவது பெரியதனக்காரன் பொறுப்பு. வெளுப்பெல்லாம் முதலில், கருப்பெல்லாம் கடைசியில் என்பது பழைய முறை. தொட்டப்பன் தன் குடத்தை வரிசையின் முதலில் வைத்தான். அவள் குடத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தான். முறை தப்பாக இருக்கிறதே என்று அவள் சொன்னதற்கு, ஊர் கூடி இந்த வருஷம் முறையை மாற்றியிருக்கிறோம் என்றான். ஊர் எப்போது கூடியது என்று யாரும் கேட்கவில்லை.

மரநாய்க்கு நாக்குக்காரர் என்று மரியாதைப் பெயர் உண்டு. இந்தக் கள்ளைக் கிளறியது எந்த வீட்டுக் கை என்று ஒரு வாயிலேயே சொல்லிவிடுவார். அவர் தொட்டப்பன் குடத்தில் ஒரு சிரட்டை எடுத்துக் குடித்தார். கண்ணை மூடினார். மீசையில் ஒட்டிய நுரையை நக்கினார். மறுபடியும் ஒரு வாய் குடித்தார். அதற்குப் பின் மற்றக் குடங்களைக் கடமைக்குத் தொட்டுவிட்டு, கடைசியாகச் சடைச்சியின் வெளுப்பைக் குடித்தார். உதட்டைப் பிதுக்கினார். தண்ணீர் என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாறை முழுக்கப் பரவியது. சடைச்சிக்கு முதலில் கோபம் வரவில்லை. தன் குடத்தில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து ஓடிப்போய்க் குடித்துப் பார்த்தாள். எதுவும் கெடவில்லை. அப்புறம்தான் முதல் குடத்தருகே போய்க் குனிந்து முகர்ந்தாள். தன் பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் பார்த்தது மாதிரி இருந்தது.

“இது நான் குடுத்த கருப்புங்க. மாதிக்குன்னு வாங்கிட்டுப் போனது” என்றாள்.

தொட்டப்பன் அசையவில்லை. கேழ்வரகு எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, தோற்றவர்கள் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். சடைச்சி புடவுக்குள் போனாள். அதே காய்ச்சலில் மிச்சம் வைத்திருந்த பெரிய குடத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள் என்று நாக்குக்காரரிடம் கேட்டாள். அவர் குடித்துப் பார்த்து, இரண்டும் ஒன்றேதான் என்றார். சடைச்சிக்கு மூச்சு வந்தது.

“அப்ப எங்க வீட்டுப் பக்குவத்த இவ களவாண்டிருக்கறா” என்றான் தொட்டப்பன்.

இதைக் கேட்டுப் பாறை வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. கூட்டத்தில் தலைகள்தான் குனிந்தன.

சடைச்சி நாக்குக்காரரைப் பார்த்து, இது யார் கை என்று கேட்டாள். அவருக்குத் தெரியும். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் ஏறி இறங்குகிற பனைமரமெல்லாம் தொட்டப்பன் தோப்பில் நிற்கிறது. நாக்குக்கு ருசிதான் தெரியும், கை தெரியாது என்று சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்து மாதியிடம் போனாள். மாதி மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

“தாயி, நீ சொன்னாப் போதும். உனக்குப் பால் சுரந்தது யார் குடத்தால?”

மாதி அப்பன் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

சடைச்சி எல்லாரையும் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் புடவில் உட்கார்ந்து குடித்தவர்கள். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் அவளிடம் குடம் வாங்கிக்கொண்டு போனவர்கள். அந்த வறுவல் வாசனை கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். குகையில் ஒரு மூலை கிடைக்கும் என்ற நப்பாசையில் அத்தனை பேரும் ஊமையானார்கள். தொட்டப்பன் திருடன். திருடன் திருடத்தான் செய்வான். இவர்களுக்கு என்ன வந்தது? இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

சடைச்சி பெரிய குடத்தைத் தலைக்குமேல் தூக்கினாள். தன்மேல்தான் எறியப்போகிறாள் என்று தொட்டப்பன் நாக்குக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“நான் காய்ச்சினதை நானே களவாண்டேன்னு சொல்லிட்டீங்க. இனி இதை யாரும் என்கிட்ட இருந்து எடுக்க முடியாத இடத்துல வெச்சுக்கறேன்” என்றாள்.

மூக்கை வானத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு, குடத்தைத் தன் உடம்பிலேயே கவிழ்த்தாள். கருப்பு அவள் வைக்கோல் மயிரில் ஊறி இறங்கியது. முதுகு கறுத்தது, வயிறு கறுத்தது, கால் நுனிவரை கறுத்தது. தூக்கிப் பிடித்த மூக்கு மட்டும் பழைய நிறத்தில் நின்றது. நுரை கழுத்தின் இரண்டு பக்கமும் வழிந்து நெஞ்சில் வந்து கூடி, அங்கேயே வெள்ளையாகக் கட்டி நின்றது. அவள் துடைக்கவில்லை.

பின்னங்கால்களில் எழுந்து நின்றாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நெஞ்சைக் காட்டி, இது யார் கை என்று கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. கடைசியில் தொட்டப்பன் முன்னால் போய் நின்றாள். அவன் சமாளித்துக்கொண்டு சிரித்தான்.

“என் கை” என்றான்.

ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்தச் சிரிப்பு அவன் முகத்துக்கு அதன்பிறகு திரும்பவே இல்லை.

சடைச்சி காட்டுக்குள் இறங்கிப் போனாள். மனிதரோடு பேசுவதை அன்றோடு விட்டாள். காய்ச்சுவதையும் விட்டாள். இலுப்பைப் பூ உதிர்ந்தால் அப்படியே பொறுக்கித் தின்பாள், புற்றைக் கிண்டிக் கறையான் தின்பாள். ஊருக்குக் குகை கிடைத்தது. ஆளுக்கொரு மூலை பிடித்துக் குடம் வைத்தார்கள். ஆயிற்றா ஆயிற்றா என்று தினமும் குடத்தின் வேடு அவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாம் காடியாய்ப் புளித்துப் போயிற்று. இப்போது அங்கே வௌவால் இருக்கிறது. நாக்குக்காரர் பகலில் வெளியே வர வெட்கப்பட்டு, முகத்தைக் கறுப்பாக மூடிக்கொண்டு, இருட்டிய பிறகு பனையேறிக் கலயத்தில் திருடிக் குடிக்கிறார். எந்தக் கள்ளைப் பற்றியும் அவரிடம் இன்று யாரும் கேட்பதில்லை.

அன்று முதல்தான் காட்டில் மனிதரை எதிரே கண்டால் கரடி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. எழுந்து தன் நெஞ்சிலிருக்கும் வெள்ளை நுரையைக் காட்டுகிறது. அது உடனே பாய்வதில்லை. பதில் சொல்ல நமக்குக் கொஞ்சநேரம் தருகிறது. நாமும் அன்று போலவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம்.