உத்தமநம்பியின் பல்லக்கு

மேழிக்குன்றம் என்றொரு நாடு, அதை ஆண்டவர் செம்பியதரையன் என்றொரு ராஜா. இது நடந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ராஜா நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. நல்ல மனசு வருகிற வேளை பார்த்துப் பேசத் தெரிந்தவர் மந்திரி இளங்காரியார். அப்படி ஒரு வேளையில்தான், கை கால் முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள் யாரும் இனி வரி கட்ட வேண்டாம் என்று ராஜாவை உத்தரவு போட வைத்தார். ஊரே மந்திரியை வாழ்த்தியது.

வரித் தண்டல் தலைவர் உத்தமநம்பிக்கு வயிறு எரிந்தது. பேர் மந்திரிக்கு, வேலை எனக்கா என்று கறுவிக்கொண்டார். ராஜாவின் உத்தரவை எதிர்க்க முடியுமா? அதனால் சின்னதாக ஒரு நிபந்தனை சேர்த்தார். சலுகை வேண்டுபவர், குன்றின் உச்சியில் இருக்கும் வரி மண்டபத்துக்குத் தாமே படியேறி வந்து கேட்க வேண்டும்.

தட்டுத்தடுமாறி ஏறி வந்தவரிடம், "இவ்வளவு படி ஏறியிருக்கிறாய், உனக்கென்ன குறை?" என்று கேட்டு அனுப்பினார். ஏற முடியாதவர்கள் வரவில்லை. வராதவர்களுக்குச் சலுகை தேவையில்லை என்று முடிவு கட்டினார். கண் தெரியாத ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, சரியான இடத்துக்குத்தானே வந்திருக்கிறாய் என்று திருப்பிவிட்டாராம். புண்ணியவான் உத்தமநம்பி மட்டும் தினமும் பல்லக்கில் ஏறித்தான் மண்டபத்துக்குப் போய்வந்தார். அந்தஸ்து என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அடிவாரத்துச் செக்கடித் தெருவில் பேராச்சி என்றொருத்தி இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போனவள். செக்குப் பலகையில் உட்கார்ந்து மாட்டை ஓட்டுவதற்குக் கால் வேண்டாம். அப்படியே எள்ளாட்டி மானமாகப் பிழைத்தாள். ராஜா உத்தரவுப்படி அவளுக்குச் செக்கு வரி கிடையாது. ஆனால் படியேறிக் கேட்கவில்லையே! வரும் வெள்ளிக்கிழமை வரிக்கு ஈடாக மாட்டை ஓட்டிக்கொண்டு போவோம் என்று தண்டல்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மாடு போனால் செக்கு நிற்கும், செக்கு நின்றால் அடுப்பு எரியாது. எண்ணெய் வாங்க வந்த மந்திரி வீட்டு ஆளிடம் அவள் சொல்லியனுப்பினாள். மந்திரியே நேரில் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சபையில் உத்தமநம்பி எழுந்தார். சலுகைக்கு ஒருவரும் தேறவில்லை, ஆகவே நம் நாட்டில் உடல் குறை உள்ளவர் ஒருவர்கூட இல்லை, எல்லாம் மகாராஜாவின் ஆட்சிச் சிறப்பு என்று அளந்தார். ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே விழா எடுக்க வேண்டும் என்றார்.

எல்லோரும் மந்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்தபடி எழுந்தார்.

"விழா எடுத்தே ஆக வேண்டும், மகாராஜா. குறை உள்ளவரே இல்லாத நாட்டில் ஊன்றுகோல் எதற்கு? காலுக்கும் கண்ணுக்கும் பதிலாக உழைக்கும் எல்லாவற்றையும் வாங்கி, குன்றின் அடிவாரத்தில் தோரணவாயில் கட்டுவோம். நாளைக் காலை தாங்களே நின்று வாங்க வேண்டும்."

ராஜா அப்போதே தண்டோரா போடச் சொன்னார். கொடுக்க வருபவர்களை அழைத்துவர அரண்மனை வண்டிகள் வேண்டும் என்று மந்திரி கேட்டார். அதற்கும் சரி என்றார். மந்திரி தோற்றுப்போனார் என்று நினைத்து உத்தமநம்பி மீசையை முறுக்கிக்கொண்டார்.

விடிந்தது. ராஜா அடிவாரத்தில் நிற்க, உத்தமநம்பியின் பல்லக்கு வழக்கம்போல வந்து சேர்ந்தது. மந்திரி அதை மறித்தார்.

"காலுக்குப் பதிலாக உழைப்பதில் பல்லக்கும் சேர்த்திதானே? முதல் காணிக்கை தண்டல் தலைவருடையதாக இருக்கட்டும்."

ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. பல்லக்கை வாங்கிக்கொண்டு, நடந்தே மண்டபத்துக்குப் போகச் சொன்னார். உத்தமநம்பி இறங்கி ஏறத் தொடங்கினார். நாலு படிதான், அதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னவாயிற்று என்று ராஜா கேட்டார்.

"முட்டி வலி, மகாராஜா. சில வருஷமாகவே படியேற முடிவதில்லை."

"அப்படியானால் நம் நாட்டில் ஒருவராவது இருக்கிறார்" என்றார் மந்திரி. "மற்றவர்களையும் பாருங்கள்."

அரண்மனை வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. இறங்கியவர்கள் ஒவ்வொருவராக ராஜாவிடம் கோலைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குமேல் எப்படி நகர்வது? கோல்கள் குவியக் குவிய ராஜாவின் முகம் வாடியது. கடைசியில் தன் மாடு பூட்டிய வண்டியில் பேராச்சி வந்தாள்.

"எங்கிட்ட கோல் இல்லைங்க சாமி. இந்த மாடுதான் எனக்குக் கால். வெள்ளிக்கிழமை வரிக்காரங்க ஓட்டிக்கிட்டுப் போறதா இருந்தாங்க. நீங்க கேட்டீங்கன்னு இன்னைக்கே கொண்டாந்துட்டேன்."

ராஜா விசாரிக்க, எல்லாம் வெளியே வந்தது. இத்தனை பேரையும் இல்லை என்று சொன்னதை நம்பி விழா எடுக்க நின்றேனே என்று அவர் கூசிப்போனார். குனிந்து, கோல்களைத் தம் கையாலேயே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார், மாட்டைப் பேராச்சியிடமே விட்டார். வரி மண்டபம் அன்றே அடிவாரத்துக்கு இறங்கியது. அங்கேயும் வர முடியாதவர்களின் வீட்டுக்கு அதிகாரிகளே போக வேண்டும், வாங்கிய வரியைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு, பல்லக்கையும் கேட்டார். மண்டபத்துக்கு வர விரும்பியும் நடக்க முடியாதவர்களை அழைத்துவருவதற்காம்.

ராஜா உத்தமநம்பியின் பக்கம் திரும்பினார்.

"இன்றுமுதல் உமக்கும் வரி கிடையாது. முட்டி வலி என்று நீர் சொன்னதும் நான் நம்பினேன். மற்றவர்கள் சொல்லும்போது நீரும் அப்படியே நம்பும்."

தோரணவாயில் கட்டவில்லை. கூட்டம் கலைந்தது. உத்தமநம்பி மட்டும் தலைகுனிந்து அந்தப் படியிலேயே இருந்தார். பேராச்சியின் வண்டி அவரருகே வந்து நின்றது. அவள் ஒரு சின்னக் கலயத்தை நீட்டினாள்.

"நல்லெண்ணெய்ங்க. சூடு பண்ணி முட்டியில தேய்ங்க."

எனக்கு எதற்குத் தருகிறாய் என்று அவர் கேட்டார்.

"வலிக்குதுன்னு சொன்னீங்களே ஐயா, அது போதாதா? எங்க வீட்டுப் பரண் மேல ஏறி வந்து கேட்டாத்தான் தருவேன்னா சொல்லப்போறேன்?"

உத்தமநம்பி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.