துருவும் மேலாடையும்

பொதிகைச் சரிவில் இருந்த சிறு மடம் ஒன்றில் சட்டநாதர் என்னும் சீடர் வாழ்ந்தார். குருவைவிடப் பதினொரு வயது மூத்தவர். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்று வந்து, ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து காவி பெற்றவர்.

மடத்தின் பின்புறம் ஏழு மலைக்குங்கிலியக் கன்றுகளை அவர் வரிசையாக நட்டு வளர்த்தார். அந்த மலையில் எஞ்சியிருந்த ஒரே குங்கிலிய மரம் சென்ற ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் விதையில் முளைத்தவை இந்த ஏழுதாம். இவையும் போனால் அங்கே அந்த இனமே இல்லை.

முதற்கன்றில் துருநோய் கண்டது. இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. சட்டநாதர் நாள்தோறும் விடியலில் எழுந்து, முதற்கன்றில் தொடங்கி ஏழாவதுவரை, ஓர் இலை விடாமல் தம் மேலாடையின் நுனியால் துடைத்தார். அப்படியும் மூன்று கன்றுகள் பட்டுப்போயின. இன்று நான்காவதிலும் பொடி.

அவருக்குப் பொறுமை போயிற்று. குருவிடம் சென்று கொட்டித் தீர்த்தார். மரம் பூக்கவே பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விதையோ ஒரு கைப்பிடிதான். துரு ஒரே இலையில் ஊர் கொள்ளாத அளவுக்குப் பெருகுகிறது. மரத்தை நம்பிப் பறவையும் அணிலும் பிழைக்கின்றன. துருவை நம்பி யார் இருக்கிறார்கள்?

"இவ்விரண்டையும் படைத்தது ஒரே கைதானா, சுவாமி?"

"இதையே நேற்றும் கேட்டீர்."

"நேற்றும் தாங்கள் விடை சொல்லவில்லை."

குரு பெருமூச்சுடன் எழுந்தார். அடுக்களையிலிருந்து பால் வடிகட்டும் வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு, சட்டநாதரை நான்காம் கன்றிடம் அழைத்துச் சென்றார். துடைக்கச் சொன்னார். இதைத்தானே தினமும் செய்கிறேன் என்று முணுமுணுத்தபடி சட்டநாதர் துடைத்தார். துணியில் காவிக்கல்லை அரைத்துப் பூசியதுபோல் கறை படிந்தது.

"இனி ஐந்தாவதைத் துடையும்."

ஐந்தாம் கன்றின் இலைகள் எண்ணெய் தடவியவைபோல் பளபளத்தன. சட்டநாதரின் கை பாதியில் நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டீர்?"

"துணியில் பொடி இருக்கிறதே, சுவாமி."

"நேற்று இல்லையோ?"

சட்டநாதர் தம் மேலாடையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். காவி, காவியாகவே இருந்தது. உதறப்போனார். குரு அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"இங்கே உதறாதீர், ஐயா."

மேலாடையின் நுனியை மெல்லச் சுருட்டிப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் சட்டநாதர் தொடங்கினார்: "ஒரே கைதானா என்று கேட்டேனே, சுவாமி..."

"அதைப் பிறகு பேசுவோம். முதலில் போய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாரும்."