சுவரில் பாயும் குதிரை

பாயும் குதிரைமேல் தான் இருப்பதாக மாளிகைச் சுவரில் வரையச் சொன்னார் ஜமீன்தார். சித்திரக்காரன் அழகிரி எத்தனை முறை வரைந்தாலும் உதட்டைப் பிதுக்கினார்.

“நான் இப்படியாடா உட்காருவேன்? நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணு.”

குதிரைக்காரன் ஏறுவதைப் பார்த்துத்தான் அழகிரி வரைந்திருந்தான். ஜமீன்தார் ஏறி அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் விருந்தாளிகள் கூடியிருந்தபோது குதிரையை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“எசமான் ஒரு தடவை ஏறி உட்காரணும். பார்த்து அப்படியே வரைஞ்சிடறேன்.”

“ஏறுங்க அத்தான், பார்ப்போம்!” என்றார் மைத்துனர்.

குதிரை கனைத்தது. ஜமீன்தார் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார்.

“இந்தப் படத்துக்கு என்னடா குறைச்சல்? அப்படியே நான்தான்!”